கெந்துலியில் கேட்ட பாட்டு

வங்காளத்துக்குப் படிக்க வந்திருக்கும் நம் மாணவர்கள் பலருக்கும், பாவுல் என்றதும் இரயிலில் பாடிக்கொண்டு வரும் காவியுடைக்காரர்தான் நினைவுக்கு வருவார். போல்பூர் வண்டியில் அவரைக் காணாதவர் யார்? ஒற்றைத் தந்தியைச் சுண்டிக்கொண்டே பெட்டிக்குள் ஏறுவார். இரண்டு பாட்டுப் பாடுவார். பத்தோ இருபதோ வாங்கிக்கொண்டு அடுத்த நிலையத்தில் இறங்கிவிடுவார். அந்த இரண்டு பாட்டைக் கேட்டுவிட்டு, "பாவுல் இசையா? கேட்டிருக்கிறேனே!" என்று சொல்லும் நண்பர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கும்பகோணம் பேருந்தில் வானொலி கேட்டவர், திருவையாற்று உற்சவம் கேட்டேன் என்று சொல்வது போன்றது அது.

பாவுல் பாட்டுக்கு ஓர் இடம் வேண்டும்; நாலைந்து பேர் கொண்ட ஒரு குழு வேண்டும்; எதிரே வேறொரு குழுவும் இருந்தால் மிக நன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, முழு இரவு ஒன்று வேண்டும். ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன். இவை யாவும் ஒருங்கே கிடைக்கும் இடம் ஒன்று சாந்திநிகேதனத்திலிருந்து எட்டிப் போகும் தொலைவிலேயே இருக்கிறது. அதன் பெயர் கெந்துலி.

பீர்பூம் மாவட்டத்தின் தென் எல்லையில் ஓடும் அஜய் ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர் அது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் 'கீத கோவிந்தம்' பாடிய ஜயதேவர் பிறந்த ஊர் என்று வங்காளிகள் அதனைப் போற்றுகின்றனர். ஒடிசாவிலும் ஒரு கெந்துலி உண்டு. அவர்களும் ஜயதேவரை விட்டுக்கொடுப்பதில்லை. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நமக்கு என்ன உரிமை? தஞ்சைப் பக்கத்துப் பஜனைகளில் அட்டபதி கேட்டு வளர்ந்தவன், அட்டபதியின் ஊர் என்று சொல்லப்படும் இடத்தில் நிற்கும்போது மெய் சிலிர்ப்பது இயல்பு என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். ஊர் நடுவே பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த ராதாவிநோதர் கோயில் சுடுமண் சிற்பங்களோடு நிற்கிறது.

பௌஷ மாதத்தின் கடைசி நாளில், மகர சங்கராந்தியன்று, அங்கே மேளா கூடுகிறது. நம் பொங்கலும் அவர்களுடைய சங்கராந்தியும் ஒரே கதிரவனின் கணக்கு. நாம் புத்தரிசியைப் பொங்குகிறோம். அவர்கள் புத்தரிசி மாவில் பிட்டே என்னும் பலகாரம் செய்து, அந்தப் பருவத்துக்கே உரிய ஈச்ச வெல்லத்தைத் தொட்டுக்கொள்கிறார்கள். மக்கள் விடியலில் அஜய் ஆற்றில் நீராடுகிறார்கள். தை மாதத்து அஜய் ஆறு நம் ஊர்க் கோடைக்காலத்து ஆறு போலத்தான். மணல் மிகுதி, தண்ணீர் கணுக்காலளவு. ஆயினும் அதில் முழுக்குப் போடாமல் திரும்புபவர் இல்லை.

மேளாவில் நுழைந்ததும் காது அடைத்துவிடும். ஒரு பக்கம் கீர்த்தனைப் பந்தல். அதற்கு எதிரே இன்னொரு கீர்த்தனைப் பந்தல். இரண்டுக்கும் நடுவே இராட்டினம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒலிபெருக்கி. பெரிய மேடை ஒன்றில் பாவுல்கள் வரிசையாக அழைக்கப்படுகிறார்கள். ஆளுக்குச் சில நிமிடங்கள். பின்னால் மின்சார விசைப்பலகை, பக்கத்தில் தாள இயந்திரம். மக்கள் எல்லோரும் அறிந்த பாட்டையே கேட்கிறார்கள்; அதையே ஒருவர் பின் ஒருவராகப் பாடுகிறார்கள். பாடுபவர்களைக் குறை கூற மாட்டேன். ஆனால் அந்த மேடையைக் கேட்டுவிட்டுப் பதினொரு மணிக்கு விடுதி திரும்புபவர், விருந்துக்குப் போய்த் தண்ணீர் மட்டும் குடித்துத் திரும்பியவரே ஆவார்.

அகாடா என்று சொல்லப்படும் பந்தல்கள் ஆற்றை நோக்கிச் செல்லும் வழியில் இருக்கின்றன. ஒரு குருவைச் சேர்ந்தவர்கள் கூடித் தங்கும் இடம் அகாடா. தார்ப்பாய்க் கூரை, தரையில் வைக்கோல், அதன்மேல் சாக்கு. ஒரு மூலையில் கட்டை புகைந்துகொண்டிருக்கும். வந்தவர் யாராயினும் இலைத் தட்டில் கிச்சடி கிடைக்கும். சாதி என்ன, ஊர் என்ன என்று கேட்பார் இல்லை. நம் சங்கத்துப் பொங்கல் விழா முடிந்த பிறகு, வங்காளி வகுப்புத் தோழர் ஒருவரோடு நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது நள்ளிரவு கடந்துவிட்டது. அஜய் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்த ஒரு சிறு குழு அப்போதுதான் வாத்தியங்களுக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தது. நால்வர்தாம். முதியவர் ஒருவர், நடுவயது அம்மையார் ஒருவர், அவருக்கு இளையவராக ஒருவர், மீசை அரும்பிய பையன் ஒருவன். ஒலிபெருக்கி இல்லை. பெயர்ப்பலகை இல்லை. கேட்பவர் நாங்கள் இருபது பேர் இருந்திருப்போம். காலை ஆறு மணி வரை நான் அந்தச் சாக்கை விட்டு எழுந்திருக்கவில்லை.

நால்வர் எழுப்பிய ஒலி நாற்பதின்மர் எழுப்பியது போல் இருந்தது. அந்த வியப்புக்கு விடை கருவிகளில் இருக்கிறது.

முதியவரைப் பாருங்கள். வலக்கையில் ஏக்தாரா. ஒரு மூங்கிலை அடியில் இரண்டாகப் பிளந்து, இரு கைகளாக விரித்து, அவற்றின் கீழ் முனையில் தோல் போர்த்த ஒரு குடுக்கையைப் பொருத்தியிருப்பார்கள். தோலின் நடுவிலிருந்து ஒரே ஒரு தந்தி மேலே முளை வரை செல்கிறது. சுட்டுவிரல் தந்தியைச் சுண்டும். மற்ற விரல்கள் மூங்கில் கைகளை அழுத்தும். அழுத்தினால் தந்தி தளர்ந்து சுருதி இறங்கும், விட்டால் ஏறும். இடக்கைக்கு வேறு வேலை. இடுப்பில் துணியால் கட்டிய டுகி என்னும் சிறு முழவை அது தட்டிக்கொண்டே இருக்கும். காலில் சலங்கை. ஆகவே அவர் ஒருவரே சுருதி, தாளம், சலங்கை, குரல் என நான்கு பேர் வேலையைச் செய்கிறார். போதாக்குறைக்கு ஆடவும் ஆடுகிறார்! பீர்பூம் பக்கத்துப் பாவுல்களின் பாட்டில் துள்ளல் மிகுதி. கிழக்கே ஆறுகள் அகன்றோடும் நாட்டில் படகுக்காரரின் பாட்டுப் போல் நீண்டு இழுத்துப் பாடுவார்கள். இந்தச் செம்மண் நாட்டிலோ ஜுமூர் ஆட்டத்தின் அடி பாட்டில் ஏறிவிட்டது. ஆறு எண்ணிக்கைத் தாதராவும் எட்டு எண்ணிக்கைக் கஹர்வாவுமே பெரும்பாலும் வரும் தாளங்கள்.

பையன் கையில் தோதாரா. இரண்டு தந்தி என்று பெயர். எண்ணினால் நான்கோ ஐந்தோ இருக்கும். மரத்தைக் குடைந்து செய்த உடல், தோல் போர்த்த வயிறு, மெட்டுக்கட்டை இல்லாத உலோகப் பலகை, தலையில் மயில் உருவம். பாட்டை அது பின்தொடர்வதில்லை. பாடகர் மூச்சு வாங்கும் இடமெல்லாம் புகுந்து தான் பேசிவிட்டுப் போகும்.

என்னைக் கட்டிப்போட்டது மூன்றாமவர் வைத்திருந்த கமக். இதற்கு ஆனந்தலஹரி என்று அழகான பெயரும் உண்டு. ஒரு சிறு முழவு. அதன் தோலிலிருந்து புறப்படும் நரம்பின் மறுமுனை ஒரு சிறு பித்தளைக் கிண்ணத்தில் கட்டப்பட்டிருக்கும். முழவை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு, கிண்ணத்தை இடக்கையால் இழுத்துப் பிடித்து, வலக்கையில் உள்ள சிறு வில்லையால் நரம்பை மீட்டுகிறார்கள். இழுப்பின் வன்மைக்கேற்பச் சுருதி வழுக்கிக்கொண்டு ஏறும், இறங்கும், குமுறும், விம்மும். நாடாவை இறுக்கி உடுக்கையைப் பேச வைப்பதை நம் ஊர்க் கோயில்களில் பார்த்திருக்கிறோம். அந்த உடுக்கைக்கு நரம்பு முளைத்தால் எப்படி இருக்கும்? அதுதான் கமக். பெயரைக் கேட்டதும் நம்மவர்க்குக் கமகம் நினைவுக்கு வரும். பெயர்ப் பொருத்தம் தற்செயலோ என்னவோ, அக்கருவி செய்வது முழுவதும் கமகமே.

அம்மையார் கையில் சிறிய தாளம், நம் ஜால்ராவின் உடன்பிறப்பு. அதைவிட அவர் குரலைச் சொல்ல வேண்டும். மெருகு ஏறாத குரல். மேல் ஸ்தாயியில் சற்றுக் கிழியும். அந்தக் கிழிசலிலேதான் பாட்டின் உயிர் இருந்தது என்பது என் எண்ணம், நண்பர்கள் மறுக்கலாம்.

இனி, முழு இரவு ஏன் வேண்டும் என்பதற்கு வருகிறேன். அகாடாவில் பாட்டு ஒரு வாதம் போல் நடக்கிறது. அந்த இரவில், முதலில் முதியவர் குருவைப் பற்றி ஒரு பாட்டுப் பாடினார். அது கடவுள் வாழ்த்துப் போன்றது. அடுத்துப் பக்கத்து அகாடாவிலிருந்து வந்த வெள்ளுடைப் பக்கீர் ஒருவர் ஒரு புதிரைப் பாட்டாகப் பாடினார். ஒரு வீடு, அதற்கு ஒன்பது வாசல், உள்ளே ஆறு திருடர். வீட்டுக்காரன் எங்கே என்பது அதன் சாரம். பாடி முடித்துவிட்டு இவர்களைப் பார்த்துச் சிரித்தார். அம்மையார் உடனே விடை சொல்லவில்லை. இடையில் வேறு இரண்டு பாட்டு நடந்தது, தேநீர் வந்தது, ஒருவர் கட்டையைக் கிளறிவிட்டார். அதற்குப் பிறகுதான், அதே தாளத்தில், விடைப்பாட்டை எடுத்தார். பக்கீர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, விடையிலிருந்து ஒரு புதிய வினாவைப் பிடித்துக்கொண்டார். இப்படியே மூன்று மணி, நான்கு மணி. ஆளுக்குச் சில நிமிடம் தரும் மேடையில் வினா ஒன்றைப் பாடலாம். விடை எப்போது வரும்?

ஒன்பது வாசல் வீடு என்றதும் நம் மாணவர்களுக்குப் பொருள் விளங்கியிருக்கும். உடம்பே அந்த வீடு. ஆறு திருடர் காமம் முதலான அறுபகை. மூன்று ஆறுகள் கூடும் துறை என்று பாடினால் அது இடகலை, பிங்கலை, சுழுமுனை. கோயிலையும் மசூதியையும் விட்டு உடம்புக்குள்ளே தேடு என்பது இப்பாடல்கள் எல்லாவற்றுக்கும் அடிச்சரடு. 'மனதின் மனிதன்' என்று தாங்கள் தேடும் பொருளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். சிவவாக்கியரையும் பட்டினத்தாரையும் திருமூலரையும் படித்த தமிழனுக்கு இங்கே மொழி ஒன்றுதான் புதிது. பாவுல் என்ற சொல்லுக்கே பித்தன் என்று பொருள் சொல்வார்கள். காற்றுப் பிடித்தவன் என்னும் வடசொல்லிலிருந்து வந்தது என்பது ஒரு கருத்து. இறைவனையே பித்தன் என்று பாடத் துணிந்த சுந்தரரின் நாட்டார்க்கு இது விந்தையா?

ஆனால் எல்லாம் விளங்கிவிட்டதென்று மார்தட்ட வேண்டாம். நிலவு, அமாவாசை, ஆற்று வெள்ளம், முகத்துவாரத்தில் மீன் பிடிப்பது என்று சில உருவகங்கள் வரும். ஆணும் பெண்ணும் இணைந்து செய்யும் இரகசிய யோகப் பயிற்சியைப் பற்றியவை அவை. குருவிடம் தீட்சை பெற்றவர்க்கே அவற்றின் பொருள் சொல்லப்படும். வெளியார் கேட்டால் வேறு ஏதோ சொல்லிச் சிரித்துவிடுவார்கள். இவ்வாறு மறைத்துப் பாடும் நடைக்குச் சந்தியா பாஷை என்று பெயர். அந்தி வெளிச்சம் போல், தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் மொழி. இதன் வேர் மிக ஆழமானது. 1907-இல் ஹரப்பிரசாத் சாஸ்திரி நேபாளத்தில் கண்டெடுத்து 1916-இல் பதிப்பித்த 'சர்யாபதங்கள்', வங்க மொழியின் மிகப் பழைய பாடல்களாகக் கருதப்படுபவை. அந்தப் பௌத்தச் சித்தர் பாடல்களும் இதே அந்தி மொழியில்தான் இருக்கின்றன. மறுபுறம் பாவுல்கள் பழமையிலேயே நின்றுவிடவும் இல்லை. கடிகாரமும் இரயில் வண்டியும் வந்தபோது அவற்றையும் உடம்புக்கு உவமையாக்கிப் பாடிவிட்டார்கள்.

பாட்டின் கடைசி அடியில் அதை இயற்றியவர் பெயர் வரும். 'பணிதா' என்பார்கள். ஞானசம்பந்தர் பதிகத்தின் இறுதியில் திருக்கடைக்காப்பில் தம் பெயரை வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயர் வந்த இடத்தில் நால்வரும் கையை நெற்றிக்குக் கொண்டுபோனதைக் கண்டேன். மொழி அறியாதவரும் அங்கே பாட்டு முடியப்போகிறது என்று கண்டுகொள்ளலாம். அன்றிரவு மிகுதியாக வந்த பெயர் லாலன்.

லாலன் பக்கீர் 1890-இல் மறைந்தவர். குஷ்டியாவுக்கு அருகே வாழ்ந்தார். இந்துவா முஸ்லிமா என்று அவர் காலத்திலும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள், அந்தக் கேள்வியையே அவர் பாட்டில் கேலி செய்துவிட்டார். 1947-இல் நாடு பிரிந்தபோது குஷ்டியா எல்லைக்கு அப்பால் போயிற்று. பாட்டுக்கு எல்லை இல்லாததால் இரு பக்கமும் அவரைப் பாடுகிறார்கள். யுனெஸ்கோ 2005-இல் பாவுல் பாடல்களை மனித குலத்தின் மரபுச் செல்வம் என்று அறிவித்து, 2008-இல் பட்டியலில் சேர்த்தது. அங்கே அது வங்கதேசத்தின் பெயரில் இருக்கிறது. தாகூர் தம் குடும்ப நிலங்களை மேற்பார்வையிட அந்தப் பகுதியில் தங்கியிருந்தபோது இப்பாடல்களில் உள்ளம் பறிகொடுத்தார். ககன் என்னும் அஞ்சற்காரர் பாடிய பாட்டு ஒன்றின் மெட்டில் 1905-இல் தாகூர் எழுதிய பாடலே, பின்னாளில் வங்கதேசத்தின் நாட்டுப்பண்ணாயிற்று. கடிதம் சுமந்தவர் ஒரு நாட்டுக்கே மெட்டுச் சுமந்திருக்கிறார்! 1930-இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளிலும் தாகூர் பாவுல்களைப் பற்றிப் பேசினார்.

பிற்காலத்துச் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூர்ணதாஸ் பாவுலும் அவர் தம்பி லட்சுமண் தாஸும் அமெரிக்கா சென்றார்கள். 1967-இல் வெளிவந்த பாப் டிலனின் இசைத்தட்டு ஒன்றின் உறையில் அவரோடு நிற்பவர்கள் இவர்களே. 1975-இல் கல்கத்தாவில் தோன்றிய 'மொஹினேர் கோராகுலி' என்னும் இளைஞர் குழு, பாவுல் மெட்டையும் ஜாஸ் இசையையும் கலந்து பாடியது. நம் விடுதியில் கித்தார் வைத்துக்கொண்டு வங்காளிப் பாட்டுப் பாடும் தோழர்களின் மூதாதையர் அவர்கள். கலப்பதைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஊற்று இருந்தால்தானே ஆறு பலவாகப் பிரியும்? அந்த ஊற்றைப் பற்றித்தான் என் கவலை.

விடியற்காலையில் அந்தப் பையனோடு பேசினேன். பகலில் போல்பூரில் டோட்டோ ஓட்டுகிறான். மாலையில் மேடைக் குழு ஒன்று அவனை அழைக்கிறது. ஓர் இரவுக்கு அவர்கள் தருவது டோட்டோவில் மூன்று நாள் ஓட்டினாலும் கிடைக்காது. அவன் வாசிப்பு அத்தகையது. மேடைக்கு வேண்டியவை இருபது பாட்டு. அவை அவனுக்கு மனப்பாடம். முதியவரிடம் இருப்பவையோ பல நூறு. அவற்றுள் எத்தனை தெரியும் என்று கேட்டேன். விரலை விட்டு எண்ணத் தொடங்கி, நாற்பதோடு நிறுத்திவிட்டான்.

"எழுதி வைத்திருக்கிறாரா, தம்பி?"

"நோட்டு இருக்கிறது, தாதா. பாட்டு மட்டும்தான் அதில் இருக்கிறது. எந்தப் பாட்டுக்கு எது விடை என்று அதில் எழுதவில்லை."

அந்தச் சொல் என்னைச் சுட்டது. பாட்டுகளைச் சேகரித்த அறிஞர்கள் உண்டு. தொகுப்பு நூல்கள் நம் நூலகத்திலேயே இருக்கின்றன. கைப்பேசியில் தேடினால் ஆயிரம் பதிவுகள் வரும். ஆனால் இந்த வினாவுக்கு இந்த விடை, இந்த நேரத்தில் இந்தப் பாட்டு என்னும் அறிவு அகாடாவில் உட்கார்ந்திருப்பவர் நெஞ்சில் மட்டுமே இருக்கிறது. அது பாடப் பாடத்தான் அடுத்தவர்க்குப் போகும். பாட வேண்டுமானால் கேட்பவர் வேண்டும்.

அம்மையாரிடம் இதைச் சொன்னபோது அவர் பெருமூச்சு விடவில்லை, சிரித்தார். "பாபா, முன்பெல்லாம் பொழுது விடியும்வரை ஆள் இருக்கும். இப்போது பெரிய மேடை முடிந்ததும் பேருந்துக்கு ஓடுகிறார்கள். வினா பாடும்போது இருந்தவன் விடை பாடும்போது இல்லை. யாருக்குப் பாடுவது?" என்றார். பிறகு, "நீ இருந்தாய், உனக்குப் பாடினேன்" என்று சொல்லிவிட்டுத் தாளத்தைத் துணியில் சுற்றினார்.

வரும் சங்கராந்திக்கு நம் சங்கத்திலிருந்து பத்துப் பேராவது போகலாம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். போல்பூரிலிருந்து பேருந்து உண்டு. மேளா நாட்களில் கூட்டம் மிகுதி. ஆகவே பொங்கல் விருந்தைச் சற்று முன்னதாக முடித்துக்கொள்ள வேண்டும். ஆற்றங்கரைப் பனி பொல்லாதது. கம்பளி இல்லாமல் வர வேண்டாம். அகாடாவின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "ஜெய் குரு" என்று கைகுவித்தால் உட்கார இடம் கொடுப்பார்கள். சில பாட்டுகளைப் பதிவு செய்ய வேண்டாமென்று முதியவர் கையமர்த்துவார். அப்போது கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள். வங்க மொழி தெரிந்த தோழர் ஒருவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொள்வது நல்லது. நமக்காகக் காசு எதுவும் கேட்கமாட்டார்கள். ஆனால் ஏக்தாராவின் அருகே ஒரு துணி விரித்திருக்கும், அதைக் கண்டும் காணாததுபோல் எழுந்து வருவது முறையன்று. திரும்பும் பேருந்து காலையில்தான்.